எரிந்த இடத்தில் ஐந்து பாத்திகள்

தாவரவியல் துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘அஞ்சு தேசம்’. வாயைத் திறந்தால் ஐந்து தேசம்தான். குளிர்காலத்தில் மழை, வெயில்காலத்தில் வறட்சி என்று தலைகீழாகப் பருவம் மாறுகிற நிலம் உலகத்தில் ஐந்தே இடத்தில் உண்டு. மத்தியதரைக் கடலைச் சுற்றி, கலிபோர்னியாவில், சிலியில், ஆப்பிரிக்காவின் தென்முனையில், ஆஸ்திரேலியாவின் ஓரத்தில். அந்த ஐந்து இடத்துச் செடிகளும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி எல்லாவற்றுக்கும் சின்ன இலை, தடித்த தோல், உடம்பெல்லாம் எண்ணெய். இதை அவர் கல்யாண வீட்டிலும் சொல்லுவார், இழவு வீட்டிலும் சொல்லுவார். கெட்ட மனுஷன் இல்லை. எங்கே வாயை மூட வேண்டும் என்று மட்டும் தெரியாது.

மாணவர்கள் நேரில் பார்த்துப் படிக்க இந்த ஐந்து தேசத்துக்கும் ஒரு தோட்டம் வேண்டும் என்று அவர் பன்னிரண்டு வருஷமாகக் கல்லூரிக்கு மனு மேல் மனுவாகப் போட்டார். இடம் இல்லை என்றே பதில் வந்தது. இப்போது இடம் கிடைத்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தாவரவியல் ஆய்வகம் எரிந்து தரைமட்டமானதே, அந்த இடம். அந்தத் தீயில் ஒரு பெண் செத்துப்போனாள். இரண்டாம் வருஷ மாணவி, ஒரு தையற்காரரின் ஒரே மகள். அன்றிலிருந்து அந்த இடத்தைத் தகரம் வைத்து மறைத்திருந்தார்கள். அடுத்த வருஷம் கல்லூரியைத் தரம் பார்க்க ஒரு குழு வருகிறது. அதற்குள் அங்கே பச்சையாக எதையாவது வைத்துத் தொலையுங்கள் என்று முதல்வர் சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷ மனு ஒரே நாளில் கையெழுத்தாகி வந்தது.

படம் வரைகிற வேலை பசை அக்காவின் தலையில் விழுந்தது. அவள் அந்தத் துறையின் ஆய்வக உதவியாளர். காயவைத்த செடிகளைத் தாளில் ஒட்டி, பக்கத்தில் இலையையும் பூவையும் பெரிதாக்கி வரைந்து வைப்பதுதான் இருபது வருஷமாக அவள் பிழைப்பு. விரலில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அதனால் அந்தப் பெயர். இலை விளிம்பில் பதினேழு பல் இருந்தால் பதினேழும் வரைவாள். பதினாறு வரைந்துவிட்டுப் போய்த் தூங்க அவளால் முடியாது.

தூக்கம் அவளை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அது வேறு காரணம். எரிந்த ஆய்வகத்துக்கு ஒரு பின்கதவு இருந்தது. செய்முறை வகுப்பின்போது பிள்ளைகள் அந்த வழியாக நழுவி டீ குடிக்கப் போகிறார்கள் என்று, “பின்னாடி பூட்டி வைம்மா” என்று போகிற போக்கில் சொன்னார் அஞ்சு தேசம். அவள் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பத்தாவது நாள், அவள் அலுவலகக் கட்டிடத்தில் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தபோது ஆய்வகத்தில் தீப்பிடித்தது. விசாரணையில், அலமாரி ஒன்று உள்ளே சரிந்து பின்கதவை அடைத்துவிட்டது என்று அஞ்சு தேசம் சொன்னார். பூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. வேலை போகும், ஜெயிலுக்கும் போகவேண்டி வரும் என்ற பயம். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னாள். “நீயா தீ வச்ச? வாயை மூடிக்கிட்டு இரு” என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார்.

தோட்ட வேலை தொடங்கியது. முதலில் மண் சோதனை. இந்த ஐந்து தேசத்துச் செடிகளுக்கும் வேரில் ஈரம் தேங்கினால் ஆகாது. அழுகிப்போகும். தகரத்துக்குப் பின்னால் ஒன்றரை அடி ஆழத்துக்கு ஆறு குழி தோண்டினார்கள். குழி நிறையத் தண்ணீர் ஊற்றி, அது எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்று குறிக்கவேண்டியது பசை அக்காவின் வேலை. சர்ரென்று வடிந்தது. இடிந்த செங்கல்லும் காரையும் கீழே கிடந்ததால் வடிகால் அருமை என்று அஞ்சு தேசம் துள்ளினார். “தேடினாலும் இப்படி ஒரு மண் கிடைக்காது!”

அவள் காது மட்டும் குழியிலேயே இருந்தது. தோண்டுகிற ஆளின் மண்வெட்டி ‘ணங்’ என்று எதிலாவது மோதும்போதெல்லாம், வந்துவிட்டது பூட்டு என்று நினைப்பாள். வந்தது உருகிக் கட்டியாகிப் போன கண்ணாடி, மேஜைக்கால், இழுப்பறையின் கைப்பிடி. பூட்டு வரவில்லை. வந்து தொலைத்தால் நல்லது என்று ஒரு மனசும், வரவே கூடாது என்று இன்னொரு மனசும் நாளெல்லாம் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

மண்ணைச் சோதித்த அறிக்கையும் வந்தது. சாம்பலால் பாஸ்பரஸ் ஏறியிருந்தது. அஞ்சு தேசம் முகம் வாடிப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆஸ்திரேலியாச் செடிகளுக்குப் பாஸ்பரஸ் விஷம். “அந்தப் பாத்தியை மட்டும் உயர்த்திக் கட்டி வெளி மண் போட்டுடலாம்மா” என்றார் கடைசியில். அது எதனுடைய சாம்பல் என்று அவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவர் நல்ல தூக்கம் தூங்குகிற ஆளாக இருந்திருக்க மாட்டார்.

அடுத்தது படம். பழைய அஸ்திவாரத்தைப் பெயர்த்தெடுப்பது பெரிய வேலை. அதனால் அதையே பாத்திகளுக்கு வரப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அறைக்கு ஒரு தேசம். பொது அலுவலகக் கோப்பிலிருந்து ஆய்வகக் கட்டிடத்தின் பழைய வரைபடத்தை எடுத்து வந்து கொடுத்தார் அஞ்சு தேசம். “இதை அப்படியே கறுப்பில் படியெடும்மா. மேலே பச்சையில் நம்ம தோட்டத்தைப் போடு.” அவள் இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் வரைந்தாள். நுண்ணோக்கி வைத்திருந்த அறையில் ஆலிவும் லாவெண்டரும். வேதிப்பொருள் அறையில் கலிபோர்னியா. காயவைக்கும் அறையில் ஆஸ்திரேலியா. சுவர், ஜன்னல், கதவு என்று ஒன்றுவிடாமல் கை தானாக ஓடியது. கை ஓடும்போது அவள் யோசிப்பதில்லை. அந்த இரண்டு நாளும்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

செத்துப்போன பெண்ணின் வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று சொன்னது அஞ்சு தேசம்தான். நினைவுத் தோட்டம் மாதிரியும் இருக்கட்டும் என்றார். முதல்வர் தனக்கு வேறு வேலை இருப்பதாகச் சொல்லி நழுவிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் துறையின் நீளமான மேஜையைச் சுற்றி மூன்றே பேர்: அஞ்சு தேசம், பசை அக்கா, தையற்காரர்.

தையற்காரர் பள்ளிச் சீருடை தைக்கிறவர். ஐம்பது வயதிருக்கும். சட்டைக் காலரில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது, எடுக்க மறந்துவிட்டார் போல. முதல் இரண்டு வருஷமும் மாசம் ஒரு தடவை இங்கே வந்து, “விசாரணை அறிக்கையை இன்னொரு தடவை காட்டுவீங்களா?” என்று கேட்டவர்தான். படித்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். அவர் வருகிற நாளில் பசை அக்கா மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுகொள்வாள். அவரை அண்ணா என்று கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. சார் என்றால் அவர் கூசிப்போவார். அதனால் ஒன்றும் கூப்பிடாமல் டீயை நகர்த்தி வைத்தாள்.

“நல்லா இருக்கீங்களாம்மா?” என்று அவர் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

அஞ்சு தேசம் படத்தை மேஜை மேல் விரித்தார். விரித்ததுமே வகுப்புத் தொடங்கிவிட்டது. ஐந்து தேசம், ஐந்து பாத்தி, குளிரில் மழை, வெயிலில் வறட்சி. தையற்காரர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். கடைசியில் அஞ்சு தேசம் காயவைக்கும் அறையின் மேல் விரலை வைத்தார். குரல் தழுதழுத்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே தழுதழுத்தது.

“இந்தப் பாத்திதாங்க உங்க பொண்ணுக்கு. ஆஸ்திரேலியாவில் பாங்க்ஷியான்னு ஒரு செடி. அதோட காய் மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கும். நெருப்பு பட்டாத்தான் வாயைத் திறந்து விதையை விடும். காடே எரிஞ்சு போன பிறகு அந்தச் சாம்பல்லதான் அது முளைக்கும். பெயர்ப்பலகையில் என்ன எழுதறதுன்னு யோசிச்சு வச்சிருக்கேன். ‘நெருப்பு இதற்கு முடிவல்ல, தொடக்கம்.’ எப்படி இருக்கு?”

பசை அக்காவுக்கு மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. செடியைத் தவிர வேறெதையும் பார்த்திராத ஒருவரால்தான் இப்படி ஒரு வாசகத்தை, அதுவும் அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, பெற்றவனிடம் படித்துக் காட்ட முடியும்.

தையற்காரர் டீயை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு, “என் பொண்ணு விதை இல்லைங்களே சார்” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவல் மாதிரி சொன்னார். அஞ்சு தேசத்துக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்லைங்க, நான் சொல்ல வந்தது...” என்று இழுத்தார்.

“பரவாயில்லை. நீங்க நல்ல மனசோடதான் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டு, சங்கடத்தை மாற்றுவதற்காகவோ என்னவோ, அவர் படத்தின் மேல் குனிந்தார். துணி வெட்டுகிறவர் காகிதத்தைப் பார்க்கிற பார்வையே வேறு. கோடு கோடாகப் போனார். சுவரைத் தொட்டார், ஜன்னலைத் தொட்டார். காயவைக்கும் அறையின் பின்சுவரில் விரல் நின்றது.

“இது சட்டைக்குக் கைக்குழி வெட்டற மாதிரி வளைவா இருக்கே. இது என்னங்க?”

கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாத ஜென்மம் அஞ்சு தேசம். முப்பது வருஷம் வாத்தியார். பெயர்ப்பலகையில் பட்ட அவமானத்தைத் துடைத்துப் போட ஒரு வாய்ப்பு வேறு. “அதுவா? கதவுங்க. கட்டிடப் படத்துல கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு அப்படி ஒரு வளைவு போட்டுக் காட்டுவாங்க. வளைவு உள்ளே இருந்தா உள்பக்கம் திறக்கும், வெளியே இருந்தா வெளிப்பக்கம். இது பாருங்க, வெளியே இருக்கு. அப்போ...”

அங்கே நின்றுபோனார்.

“வெளிப்பக்கம் திறக்கும்” என்று தையற்காரர் முடித்து வைத்தார். “இது அந்தப் பின்கதவு இல்லைங்களா?”

வெளியே நடைபாதையில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள்.

“நான் துணி வெட்டறவன், படிப்பு இல்லாதவன். தப்பா இருந்தா சொல்லுங்க சார். உள்ளே அலமாரி விழுந்து கதவை அடைச்சிடுச்சுன்னு அறிக்கையில இருக்கு. இருபது தடவை படிச்சிருக்கேன். வெளியே திறக்கிற கதவை உள்ளே விழுந்த அலமாரி எப்படிங்க அடைக்கும்? அது ஒரு ஓரமா சாய்ஞ்சிருந்தாலும் தள்ளினா கதவு திறக்குமே?”

அஞ்சு தேசம் தண்ணீர் குடித்தார். பிறகு பசை அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது, உத்தரவும் இருந்தது. “படியெடுக்கறப்போ தப்பு நடந்திருக்கும். இவங்கதான் வரைஞ்சாங்க. ஏம்மா, அந்த வளைவைப் பக்கம் மாத்திப் போட்டுட்டியா? போட்டுட்ட இல்ல?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் கைத்தவறு ஆகிவிடும். மூலப் படம் அவருடைய பீரோவில் இருக்கிறது, அது அங்கிருந்து எங்கே போகும் என்பதும் அவளுக்குத் தெரியும். வேலை போகாது, வீட்டில் அடுப்பு எரியும், தோட்டமும் வரும். அவள் தன் வலதுகையைப் பார்த்தாள். இருபது வருஷத்தில் அந்தக் கை ஒரு பல்லைக்கூடக் கூட்டியும் போட்டதில்லை, குறைத்தும் போட்டதில்லை. வாய்தான் பொய்யாகிப்போனது.

“தப்பா வரையலை சார்.”

“இல்லம்மா, நல்லா யோசிச்சு...”

“யோசிச்சுத்தான் சொல்றேன். கதவு வெளியேதான் திறக்கும். நான் பூட்டி வச்சிருந்தேன்.” அவள் தையற்காரர் பக்கம் திரும்பினாள். முகத்தைப் பார்க்க முடியவில்லை, காலரில் இருந்த குண்டூசியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அலமாரி எதுவும் விழலைண்ணா. பத்து நாள் முன்னாடியே பூட்டிட்டேன். சார் சொன்னாரு, நான் பூட்டினேன். சாவி என் பையில இருந்துச்சு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

அண்ணா என்று வந்துவிட்டது. அவளே கவனிக்கவில்லை.

அஞ்சு தேசம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். “பிள்ளைங்க டீ குடிக்க ஓடிப்போயிடுவாங்கன்னுதான்” என்று ஜன்னலிடம் சொன்னார். அவருக்கும் அறுபது வயதாகப் போகிறது. அந்த நேரத்தில் எண்பது மாதிரி இருந்தார்.

தையற்காரர் கத்துவார், அடிப்பார், மேஜையைக் கவிழ்ப்பார் என்று அவள் காத்திருந்தாள். அவர் அந்த வளைவின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. 

“அப்போ அவ சரியான கதவுக்குத்தான் போயிருக்கா” என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

“அறிக்கையில எழுதியிருந்ததே, பார்க்கலையா நீங்க? பதற்றத்துல முன்வாசலை விட்டுட்டுத் தப்பான பக்கம் ஓடிட்டாள்னு. மத்த பிள்ளைங்க எல்லாம் முன்வாசல் வழியா வந்துட்டாங்க, இவ மட்டும் பின்னாடி ஓடிட்டான்னு. நடுவுல தீ. முன்னாடி எப்படி வருவா? சரியாத்தான் ஓடியிருக்கா எம்பொண்ணு.” அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. “வீட்டுல அவங்கம்மா மூணு வருஷமா அவளைத் திட்டிட்டே இருக்கா. சமைக்கும்போது திட்டறா, துணி துவைக்கும்போது திட்டறா. ‘புத்தி கெட்டவளே, முன்னாடி ஓடத் தெரியலையாடி உனக்கு, உன்னைப் படிக்க வச்சதுக்கு மாடு மேய்க்க விட்டிருக்கலாமே’ன்னு. செத்துப்போன பிள்ளையை யாராவது திட்டுவாங்களா? அவ திட்டறா.”

அவர் காலரிலிருந்து குண்டூசியை எடுத்துச் சட்டைப்பையின் உள்பக்கம் குத்திக்கொண்டார். எழுந்தார்.

“வாங்க. இதை அவகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா.”

அஞ்சு தேசம் திரும்பி, “நானும் வரேன்” என்றார்.

“நீங்க வேண்டாம் சார். நீங்க எழுதிக் கொடுக்க வேண்டியவங்ககிட்ட எழுதிக் கொடுங்க.”

கல்லூரியிலிருந்து அவர் வீடு இருபது நிமிஷ நடை. வெயில் சுள்ளென்று அடித்தது. வழி முழுக்க அவர் முன்னால் நடந்தார், அவள் பின்னால் நடந்தாள். ஒரு பள்ளிக்கூடம் வந்தது. அதன் வாசலில் பிள்ளைகள் எல்லாரும் அவர் தைத்த சட்டையில் நின்றார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை. இரண்டு தெரு தாண்டி மாடிப்படி ஏறினார்கள். எங்கேயாவது மயங்கி விழுந்துவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ஆனால் கால் அது பாட்டுக்கு நடந்தது.

முன்னறையிலேயே தையல் இயந்திரம். சுவரோரமாக இன்னும் பட்டன் துளை வெட்டாத நீலச் சட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் மனைவி காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மெலிந்த பெண். உதடு மட்டும் எதையோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. என்ன முணுமுணுக்கிறாள் என்று பசை அக்காவுக்கு இப்போது தெரியும்.

“இவங்க காலேஜ்ல இருந்து வந்திருக்காங்க. ஒண்ணு சொல்லணுமாம்” என்றார் தையற்காரர்.

பசை அக்கா நின்றபடியே சொன்னாள். பூட்டு, பத்து நாள், சாவி, பொய், மூன்று வருஷம். எதையும் விடவில்லை, எதையும் மெழுகவில்லை. “அவ தப்பான பக்கம் ஓடலைக்கா. அது வெளியே போற வழிதான். அந்தக் கதவு திறந்திருந்தா பத்தடியில் டீக்கடைக்கு வந்திருப்பா.”

அந்தத் தாய் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். உதடு முணுமுணுப்பது நின்றது. முகத்தில் கோபம் வரும் என்று பசை அக்கா பார்த்தாள், வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது.

“எவ்வளவு நேரம் தட்டியிருப்பா?”

தையற்காரர் “அதெல்லாம் எதுக்கு இப்போ” என்றார்.

“அவங்களைக் கேட்டேன்.”

பசை அக்காவுக்குப் பதில் தெரியும். அறிக்கையிலேயே இருந்தது, ஆனால் வேறு வேறு பக்கத்தில் இருந்ததால் யாரும் சேர்த்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அபாய மணி அடித்த நேரம் ஒரு பக்கத்தில், கூரை விழுந்த நேரம் இன்னொரு பக்கத்தில். அவள் சேர்த்துப் பார்த்திருந்தாள். ரொம்ப நேரம் இல்லைக்கா, புகையிலேயே மயங்கியிருப்பா என்று சொல்லலாம். யாரும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு நல்ல பொய்தான் இந்த வீட்டில் மூன்று வருஷம் ஒரு பிள்ளையைத் திட்டு வாங்க வைத்தது.

“ஏழு நிமிஷம் இருக்கும்க்கா” என்றாள். “அதுக்கு மேல இருக்காது.”

அந்தத் தாய் தலையசைத்தாள். மடியில் இருந்த சட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உட்காரு” என்றாள் பசை அக்காவிடம்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். தையற்காரர் இயந்திரத்தின் முன்னால் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். தாய் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டானது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை, மறுபடி பார்த்தார்கள். மூன்றானது. மூன்று நிமிஷம் இவ்வளவு பெரிசு என்று பசை அக்காவுக்கு இதுவரை தெரியாது.

நான்காவது நிமிஷத்தில் தையற்காரரால் முடியவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு எழுந்து வாசல் பக்கம் போனார்.

“உட்காருங்க” என்றாள் அவர் மனைவி. “அவ இன்னும் தட்டிட்டிருக்கா.”